தனியார் பள்ளி ஆசிரியர்கள் சங்கமாகச் சேரும்போது முதலில் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: பெரம்பூர் கணித ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் உள்ள ஒரு மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளியில் பதினோரு ஆண்டுகளாக ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தி வருகிறேன். எம்.எஸ்சி., பி.எட். படித்திருக்கிறேன். பள்ளியின் பெயரை எழுதினால் என்னோடு வேலை செய்பவர்களுக்கும் சிக்கல் வரும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்தில் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கான சங்கம் ஒன்று கூட்டம் நடத்தியது. எங்கள் ஸ்டாஃப் ரூமிலிருந்து ஆறு பேர் போயிருந்தோம். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இணையான ஊதியம், வருங்கால வைப்பு நிதி, சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு, மே மாதச் சம்பளம், வேன் டூட்டியும் சேர்க்கைக்காக வீடு வீடாக அலைவதும் கூடாது என அவர்கள் கொடுத்த துண்டறிக்கையில் இருந்த ஒவ்வொரு வரியும் எங்களைப் பார்த்தே எழுதியது போல இருந்தது. ஜூன் மாதத்திற்குள் உறுப்பினர் சேர்த்து, பள்ளிவாரியாக மனுக் கொடுத்து, அதன்பின் சேப்பாக்கத்தில் ஆர்ப்பாட்டம் நடத்துவது அவர்களின் திட்டம்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். மாதம் 5-ஆம் தேதி என் வங்கிக் கணக்கில் 22,500 ரூபாய் வரவாகிறது. 7-ஆம் தேதிக்குள் அதிலிருந்து 8,000 ரூபாயை ஏ.டி.எம்.-இல் எடுத்து, ஒரு பழுப்பு உறையில் போட்டு, மேலே பெயர் எழுதாமல் எனக்குக் கொடுத்திருக்கும் எண்ணை மட்டும் எழுதி, அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். கணக்காளர் உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு சிறிய நோட்டில் என் எண்ணுக்கு நேராகப் பென்சிலால் டிக் போடுவார். இத்தனை ஆண்டுகளில் அந்த நோட்டில் ஒரு முறை கூட அவர் பேனாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கையில் நிற்பது 14,500 ரூபாய். சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கி வைத்த என் பி.எட். அசல் சான்றிதழ் இன்னும் அலுவலக பீரோவில்தான் இருக்கிறது.

வாரத்திற்கு 40 பீரியடில் 34 எனக்கு. மிச்சமுள்ள ஆறில் பாதி, விடுப்பில் இருப்பவர்களின் வகுப்புக்குப் போய்விடும். பத்தாம் வகுப்புக்கு மாலை 5.30 வரை ஸ்பெஷல் கிளாஸ். அதற்குத் தனியாக எதுவும் தருவதில்லை. என்னோடு வேலை செய்யும் ஓர் அறிவியல் ஆசிரியை சென்ற ஆண்டு பிரசவத்திற்குப் போனார். மூன்று மாதம் சம்பளம் இல்லை. திரும்பி வந்தவரை, புதிதாகச் சேர்பவராகக் கணக்கில் கொண்டு, முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்திற்கு எடுத்துக்கொண்டார்கள். ஆறு ஆண்டுச் சர்வீஸ் ஒரே நாளில் இல்லாமல் போனது. அவர் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து, மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கினார்.

எங்கள் ஆறு பேருக்குள் இரண்டு கருத்து இருக்கிறது. எடுத்த எடுப்பில் சம்பள உயர்வைத்தான் கேட்க வேண்டும், மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான் என்கிறார்கள் மூவர். எனக்கும் இன்னும் இருவருக்கும், அதைக் கேட்டவுடனே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்க முடியுமா? இந்தக் கோரிக்கைகளில் எதை முதலில் வைத்தால் ஏதேனும் ஒன்றாவது கிடைக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வியாசர்பாடி

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் அரசுப் பள்ளியில் 32 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். 2003 ஜூலை 2-ஆம் தேதி தொடங்கிய அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டு, டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த அவசரச் சட்டத்தால் சில நாட்களுக்குள் வேலையிழந்த சுமார் 1,70,000 பேரில் நானும் ஒருவன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ கிடையாது என்று தீர்ப்பளித்தது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கோருகிறேன் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நான் பள்ளிக்குத் திரும்பினேன். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த எனக்கு, அந்த நான்கு வரிக் கடிதத்தை எழுத ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று.

இதைச் சொல்வது உங்களை அச்சுறுத்துவதற்காக அன்று. அவ்வளவு பெரிய அடி விழுந்த பிறகும் எங்களால் ஏன் திரும்ப முடிந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் ஒவ்வொருவருக்கும் நியமன ஆணை இருந்தது, பணிப்பதிவேடு இருந்தது, அதில் ஒவ்வோர் ஆண்டின் ஊதிய உயர்வும் விடுப்பும் தேதியோடு பதிவாகியிருந்தன. நீக்கிய அரசாங்கமே, நாங்கள் யார், எந்த நாளில் சேர்ந்தோம், என்ன வாங்கினோம் என்பதை மறுக்க முடியாது. உங்களிடம் அது எதுவும் இல்லை என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. பென்சிலால் போட்ட டிக்கை யார் வேண்டுமானாலும் அழித்துவிடலாம்.

இன்னோர் எடுத்துக்காட்டு. 2009 ஜூன் 1-ஆம் தேதிக்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியம் 5,200 ரூபாய். அதற்கு முந்தைய நாள் வரை சேர்ந்தவர்களுக்கு 8,370. ஒரே படிப்பு, ஒரே வேலை, ஒரு நாள் வித்தியாசத்தில் 3,170 ரூபாய் பள்ளம். 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று அவர்கள் கல்லூரிச் சாலையில் உள்ள டி.பி.ஐ. எனப்படும் பள்ளிக் கல்வித் துறை வளாகத்தில் 2022 டிசம்பர் கடைசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மயங்கி விழுந்தவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். முதலமைச்சர் குழு அமைப்பதாக அறிவித்த பிறகுதான் அது முடிந்தது. அடுத்த ஆண்டே மீண்டும் அதே வளாகத்தில் உட்கார்ந்து, கைதும் ஆனார்கள். இத்தனை ஆண்டு அவர்கள் சலிக்காமல் போராட முடிந்ததற்குக் காரணம், இரண்டு நியமன ஆணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அநியாயம் யாருக்கும் ஒரு நொடியில் விளங்கிவிடும் என்பதுதான்.

நீங்கள் பெரம்பூர்க்காரர் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இந்தியாவின் முதல் தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27 அன்று பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக உங்கள் ஊரில்தான் தொடங்கப்பட்டது. அதைக் கட்டி வளர்த்தவர்களில் ஒருவரான திரு.வி.க., அதற்குச் சிறிது காலம் முன்புவரை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். ஓர் ஆசிரியர் போய் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்த ஊரில், ஆசிரியர்கள் தமக்கென ஒன்று அமைக்க இவ்வளவு அஞ்ச வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அரசுக்கு இணையான ஊதியம் என்ற கோரிக்கை நியாயமானது. அரசுப் பள்ளியில் புதிதாகச் சேரும் பட்டதாரி ஆசிரியருக்கு இன்று அடிப்படை ஊதியமே 36,400 ரூபாய். அந்தக் கோரிக்கை துண்டறிக்கையில் இருக்கட்டும். முதல் மனுவில் மட்டும் நியமன ஆணையையும் சம்பளச் சீட்டையும் கேளுங்கள்.

பதில் 2: தொழிலாளர் வழக்குகளில் உதவியாளர், பாரிமுனை

பெரியவர் சொன்னதோடு முழுமையாக ஒத்துப்போகிறேன். சட்டப்படி அது ஏன் சரி என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சங்கம் சேர்வது அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(சி) பிரிவு தரும் உரிமை. அதற்காக நீக்குகிறோம் என்று எந்த நிர்வாகமும் எழுதிக் கொடுக்காது. ஏப்ரல் கடைசியிலோ ஜூன் முதல் வாரத்திலோ, 'இந்த வருஷம் ஒரு செக்‌ஷன் குறைந்துவிட்டது மேடம்' என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவதே வழக்கம். அப்படி அனுப்பப்பட்ட ஆலைத் தொழிலாளி தொழில் தகராறு எழுப்பித் தொழிலாளர் நீதிமன்றத்திற்குப் போகலாம். ஆசிரியர் போக முடியாது. ஆசிரியர் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கற்பிப்பது ஒரு புனிதப் பணி என்ற காரணமும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஆசிரியர்களுக்குப் பொருந்தாது என்று 1996-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. புனிதப் பணி என்ற சொல், நடைமுறையில் ஆசிரியரின் கையிலிருந்து இரண்டு பெரிய ஆயுதங்களைப் பறித்துவிட்டது என்பதே என் கருத்து.

ஆனால் மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன. மூன்றுக்கும் சாவி நீங்கள் வாங்கும் சம்பளத்தின் எழுத்துச் சான்றுதான்.

முதலாவது இ.எஸ்.ஐ., அதாவது மருத்துவமும் மகப்பேறு ஊதியமும் தரும் ஊழியர் அரசுக் காப்பீடு. தமிழ்நாட்டில் தனியார் கல்வி நிறுவனங்களுக்கு அது பொருந்தும் என்று 2010-இல் அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அது செல்லும் என்றது. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் உண்மையான சம்பளம் 14,500, காகிதத்தில் 22,500. அதாவது, உங்கள் கைக்கு வராத அந்த 8,000 ரூபாய்தான் உங்களை இ.எஸ்.ஐ.-க்கு வெளியே தள்ளியிருக்கிறது. உங்கள் அறிவியல் ஆசிரியைக்கும் இதே போன்ற கணக்கு இருந்திருந்தால், அவர் இழந்தது 26 வார மகப்பேறு ஊதியம். 14,500 ரூபாய்க்கு ஆசிரியரின் பங்கு 0.75 விழுக்காடு, மாதம் சுமார் 109 ரூபாய். நிர்வாகத்தின் பங்கு 3.25 விழுக்காடு, சுமார் 471 ரூபாய். மாதம் 471 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

இரண்டாவது வருங்கால வைப்பு நிதி. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளிக்கு அது கட்டாயம். ஆனால், முன்பே உறுப்பினராக இல்லாத ஒருவர், சேரும்போதே 15,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் வாங்குகிறார் என்று காட்டினால் அவரை விட்டுவிட விதியில் இடமிருக்கிறது. காகிதச் சம்பளத்தை உயர்த்திக் காட்டுவதில் நிர்வாகத்திற்கு இந்த வசதியும் உண்டு. உங்களுக்கு யூ.ஏ.என். எண் (வைப்பு நிதி உறுப்பினருக்குத் தரும் நிரந்தர எண்) இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சில பள்ளிகளில் எண் எடுத்திருப்பார்கள், ஆசிரியரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது பணிக்கொடை (கிராஜுவிட்டி), அதாவது வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் மொத்தத் தொகை. இதில் காகிதம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்திற்குள் வரமாட்டார்கள் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களையும் உள்ளே கொண்டுவந்தது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. தொடர்ந்து 5 ஆண்டு பணிபுரிந்தவருக்கு, கடைசியாக வாங்கிய அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணிபுரிந்த ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும். வங்கியில் வரவான 22,500 முழுவதையும் அப்படிக் கொண்டால், உங்கள் 11 ஆண்டுக்கு 1,42,788 ரூபாய் வரும். கையில் நிற்கும் 14,500-ஐக் கொண்டால் 92,019 ரூபாய்தான். நீங்கள் கணித ஆசிரியை, சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படை ஊதியத்தைக் குறைத்துக் காட்டி மிச்சத்தைப் படிகளாக எழுதும் பழக்கமும் உண்டு. பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களின்படி, அத்தகைய படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும். பழைய சட்டப் பிரிவு எண்களை மேற்கோள் காட்டி மனு எழுதும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, அந்த உறை. நீங்கள் ஒருவர் மட்டும் போய், நான் மாதம் 8,000 திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்னால், இல்லை என்று நிர்வாகம் சொல்லும், அத்தோடு முடிந்தது. அதே பள்ளியில் வேலை செய்யும் பத்துப் பேரின் வங்கி அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்கும் 7-ஆம் தேதிக்கும் இடையில் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட தொகையை மாறாமல் எடுத்திருப்பது தெரிந்தால், அதைத் தற்செயல் என்று யாரும் விளக்க முடியாது. தனி ஆளாக உங்களிடம் இருப்பது வெறும் புகார். பத்துப் பேராகச் சேர்ந்தால் அதுவே சாட்சியம். சங்கத்தின் முதல் பயன் இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஏன் உயர்த்திக் காட்டுகிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. பள்ளி தரும் வரவு செலவுக் கணக்கில் ஆசிரியர் சம்பளம் ஒரு பெரிய செலவு. 22,500 சம்பளம் என்று காட்டித்தான் பெற்றோரிடம் வாங்கும் கட்டணம் நிர்ணயமாகிறது. எனவே அந்த 8,000 ரூபாய் பெற்றோர் கொடுத்த பணம். உங்கள் பிரச்சாரத்தில் பெற்றோரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சான்றிதழ்: அசல் சான்றிதழைப் பிணையாகப் பிடித்து வைக்கும் உரிமை எந்த நிர்வாகத்திற்கும் கிடையாது. மேல்படிப்புக்கு அல்லது தகுதித் தேர்வுக்குத் தேவை என்று எழுத்தில் கேட்டு, இப்போதே, மனு எதுவும் கொடுப்பதற்கு முன்பே, திரும்ப வாங்கிவிடுங்கள். எட்டாம் வகுப்பு வரை நடத்தும் உங்கள் தோழிகளுக்கு ஒரு செய்தி: கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு எந்தக் கல்வி சாராத வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. துண்டுப் பிரசுரத்தோடு தெருத் தெருவாகப் பிள்ளை பிடிக்க அனுப்புவது இந்த மூன்றில் எதிலும் சேராது.

சேப்பாக்கம் ஆர்ப்பாட்டத்திற்குக் குறைந்தது 5 நாள் முன்பாகக் காவல் துறையிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை அந்தச் சங்கம் அறிந்திருக்கும். அதன் பதிவு எண்ணையும் சந்தா ரசீதையும் கேட்டு வாங்குங்கள். ரசீது கொடுக்காத சங்கம் உறை வாங்கும் அலுவலகத்தைத் தட்டிக் கேட்க முடியாது.

பதில் 3: நர்சரி பிரைமரி பள்ளித் தாளாளர், கொளத்தூர்

எதிர்த் தரப்பு என்று என்னைத் தள்ளிவிடாமல் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். என் பள்ளியில் 140 பிள்ளைகள், 9 ஆசிரியைகள். உறை வாங்குவதை நான் எந்த விதத்திலும் ஆதரிக்கவில்லை, அது திருட்டு. ஆனால் எல்லாத் தனியார் பள்ளியும் ஒன்றல்ல. கல்வி உரிமைச் சட்டப்படி 25 விழுக்காட்டு இடங்களில் சேர்த்த பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசு திருப்பித் தரவேண்டும். அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா நிதி சிக்கியதால் 2025-இல் அந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனது. 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது உயர் நீதிமன்றம் 75 விழுக்காடு கட்டணம் வாங்க அனுமதித்தது. என்னிடம் வந்தது அதில் பாதி கூட இல்லை. என் வளையலை அடகு வைத்து இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தேன்.

என்னைப் போன்றவர்களிடம் 36,400 ரூபாய் கேட்டால் பள்ளியை மூடுவதைத் தவிர எனக்கு வழியில்லை. சம்பளச் சீட்டும் நியமன ஆணையும் கேட்டால், கொடுக்க மறுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஒன்பது பேருக்கும் சீட்டு அடிக்க மாதம் ஒரு மணி நேரம் போதும். கேட்ட பிறகும் ஒரு பள்ளி அதைத் தர மறுக்கிறது என்றால், அங்கே பணமில்லை என்பது காரணமாக இருக்க முடியாது.

பெரம்பூர் கணித ஆசிரியை

மூவருக்கும் நன்றி. இ.எஸ்.ஐ. பற்றிய பத்தியை இன்று இடைவேளையில் அந்த அறிவியல் ஆசிரியையிடம் படித்துக் காட்டினேன். அவர் எதுவும் பேசவில்லை; 471 என்ற எண்ணைத் தன் நோட்ஸ் ஆஃப் லெசன் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

ஓர் ஐயம். சம்பளச் சீட்டு கேட்டால், காகிதச் சம்பளத்தையே குறைத்து, நீங்கள் வாங்குவது 14,500-தான் என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? பணிக்கொடைக் கணக்கில் நான் இழப்பேனே. உண்மையில் இப்படிக் கேட்டுப் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 4: இயற்பியல் ஆசிரியர், தாம்பரம் பக்கம்

மேடம், நாங்கள் கேட்டோம். எனவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். எல்லாமே நல்லபடியாக முடிந்துவிடவில்லை.

எங்கள் பள்ளியில் 43 ஆசிரியர்கள். அதில் 31 பேர் ஒரே மனுவில் கையெழுத்திட்டோம். யார் முதலில் போட்டது என்று கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக, நடுவில் கோரிக்கையை எழுதிவிட்டு, சுற்றிலும் வட்டமாகக் கையெழுத்துப் போட்டோம். ஓர் ஓவிய ஆசிரியர் காம்பஸ் வைத்து அந்த வட்டத்தை வரைந்து கொடுத்தார். கேட்டது மூன்று காகிதம் மட்டுமே: நியமன ஆணை, மாதச் சம்பளச் சீட்டு, பணிப்பதிவேட்டின் நகல். சம்பளம் உயர்த்துங்கள் என்று ஒரு சொல் கூட அதில் இல்லை. மனுவின் ஒரு படியைப் பதிவுத் தபாலில் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்பி, ஒப்புதல் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தோம்.

முதல் மூன்று மாதம் பதில் இல்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்களுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய் உயர்த்துகிறோம், கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நான்கு பேர் வாங்கிக்கொண்டார்கள். அவர்களை நாங்கள் பழிக்கவில்லை. ஒருவருக்கு அந்த மாதம் வீட்டு வாடகை கட்ட வேண்டியிருந்தது. ஜூன் மாதம் எங்களில் ஒருவருக்கு வகுப்பு ஒதுக்காமல் வெளியே அனுப்பினார்கள். அவருக்காகப் பதினைந்து மாதம் நாங்கள் ஆளுக்கு 300 ரூபாய் போட்டோம். அவர் இப்போது வேறு பள்ளியில் இருக்கிறார், இன்னமும் எங்கள் பள்ளிக்குத் திரும்பவில்லை. இந்த வலியைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன்.

நீங்கள் அஞ்சுவது போலத்தான் நடந்தது. காகிதத்தில் 24,000 என்று இருந்ததை 17,000 ஆக்கி, உறை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அதுவரை என் கையில் நின்றது 15,500. எனவே மாதம் 1,500 கூடியது, இ.எஸ்.ஐ.-யும் வைப்பு நிதியும் அதில் பிடித்தது போக, கைக்கு வந்த தொகையில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு என் மனைவிக்குக் கருப்பையில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஒரு ரூபாய் கட்டவில்லை. ஊதியம் குறைக்கப்பட்டதற்கு முந்தைய மாதம் வரையிலான வங்கி அறிக்கையை நாங்கள் ஒவ்வொருவரும் முன்கூட்டியே முத்திரையோடு வாங்கி வைத்திருந்தோம். நீங்களும் மனுக் கொடுப்பதற்கு முன்பு இதைச் செய்துவிட வேண்டும். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பணிக்கொடை கடைசி ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படும் என்றாலும், 22,500 வரவான ஆண்டுகளுக்கு அந்த முத்திரை சான்றாக நிற்கும்.

சம்பளச் சீட்டு வந்த பிறகுதான் சம்பள உயர்வு கேட்டோம். ஒரே படிப்பும் ஒரே அனுபவமும் உள்ள இருவருக்கு 3,000 ரூபாய் வித்தியாசம் இருப்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. அதுவரை ஒருவர் சம்பளத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தார்கள். சீட்டுகளை ஸ்டாஃப் ரூம் மேசையில் பரப்பி வைத்த அந்த மதியம் யாரும் சாப்பிடவில்லை.

பெரம்பூர் கணித ஆசிரியை

சார், உங்கள் மனைவி நலமாக இருக்க வேண்டுகிறேன். வெளியே அனுப்பப்பட்ட அந்த ஆசிரியரைப் பற்றி மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அதைப் படித்த பிறகுதான் எங்கள் ஆறு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். மனு எழுதுவதற்கு முன்பு ஆளுக்கு 200 ரூபாய் போட்டு ஒரு நிதி தொடங்குகிறோம். சம்பள உயர்வுதான் முதலில் என்று சொன்ன மூவரில் ஒருவரே அதற்குப் பொருளாளர். மனுவில் மூன்று காகிதங்களை மட்டும் கேட்கப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில், தொடக்கப் பிரிவு ஆசிரியைகள் பத்துப் பேரையாவது சேர்த்த பிறகே கையெழுத்து வாங்குவது என்றும் சொல்லப் போகிறோம்.

பி.எட். சான்றிதழை இன்று எழுத்தில் கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். தகுதித் தேர்வுக்கு என்றேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நாளை மதியம் அரை நாள் விடுப்பில் நாங்கள் நான்கு பேர் வங்கிக்குப் போகிறோம், பதினோரு ஆண்டு அறிக்கைக்கு விண்ணப்பம் கொடுக்க.